தனித்து நிற்கும் வைத்தியரும் சட்டம் இயற்றுவோர் வாசலும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியை ஒட்டிய ஒரு சந்தியில் நான் முழுநேரக் குடும்ப வைத்தியராகத் தொழில் செய்து வருகிறேன். அரச சேவையில் இல்லை. எந்தத் தனியார் மருத்துவமனை நிறுவனத்திடமும் சம்பளம் பெறுவதில்லை. நோயாளரைப் பார்க்க ஓர் அறை, மருந்து கட்டிக் கொடுக்க ஒரு மேசை, பிரஷரும் சீனியும் பார்க்கும் கருவிகள், உதவிக்கு இருவர் என்ற அளவில் நடக்கும் இத்தகைய இடத்தை எங்கள் பக்கத்தில் டிஸ்பென்சரி என்றே சனங்கள் சொல்வார்கள். இப்படித் தன் சொந்தப் பொறுப்பில், நாள் முழுவதும், ஒரே ஊரில் இருக்கும் வைத்தியர்கள் வன்னியில் மிகக் குறைவு. இருக்கிற சிலரும் நிலைத்து நிற்பதற்கு உதவும் கொள்கை என்று சொல்லத்தக்க எதுவும் எங்கள் கைக்கு இதுவரை வந்து சேரவில்லை. அதைக் கேட்டுப் பெற நாங்கள் சட்டம் இயற்றுவோரிடம் நேரே போக வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும், கேட்பதை ஊர் முழுவதும் அறியும்படி கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்காவில் இந்த வேலை நெடுங்காலமாக ஒழுங்கு முறையோடு நடந்து வருகிறது. அரசிடம் முறையீடு செய்யும் உரிமை அந்நாட்டு அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்தில் 1791 ஆம் ஆண்டு முதலே எழுதப்பட்டிருக்கிறது. மாநில மருத்துவச் சங்கங்கள் ஆண்டுதோறும் தமது உறுப்பினர்களைத் திரட்டிச் சட்டமன்றங்களுக்கும் வாஷிங்டனுக்கும் அனுப்புகின்றன. ஒவ்வொரு வைத்தியரும் தமது தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், தமது இடத்தில் நடப்பதைச் சொல்லி, இன்ன மசோதாவுக்கு ஆதரவு தாருங்கள் என்று கேட்கிறார். இவ்வளவு முயற்சி இருந்தும் அங்கே சுயாதீன வைத்தியர்கள் சுருங்கிக்கொண்டே வருகிறார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி, வைத்தியர்களே முழு உரிமையாளர்களாக இருக்கும் இடங்களில் பணியாற்றியோர் 2012 இல் 60.1 சதவீதமாக இருந்தனர். 2024 இல் அது 42.2 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மற்றவர்களில் பெரும் பகுதியினர் மருத்துவமனைகளுக்குச் சொந்தமான இடங்களில் வேலை செய்கிறார்கள். இன்னொரு பகுதியினரின் இடங்களை முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிவிட்டன.

ஏன் விற்றீர்கள் என்று கேட்டபோது அந்த வைத்தியர்கள் சொன்ன முதன்மையான காரணங்கள் மூன்று: காப்புறுதி நிறுவனங்களிடம் நியாயமான கட்டணம் பேசித் தனி ஆளால் பெற முடியவில்லை, விலையுயர்ந்த கருவிகளையும் ஆட்களையும் வைத்திருக்க முடியவில்லை, படிவங்களையும் விதிமுறைகளையும் சமாளிக்க முடியவில்லை. முதியோருக்கான மெடிகேர் திட்டம் வைத்தியருக்குக் கொடுக்கும் தொகை, தொழில் நடத்தும் செலவின் உயர்வைக் கழித்துப் பார்த்தால், 2001 க்கும் 2025 க்கும் இடையில் 33 சதவீதம் தேய்ந்துவிட்டதாக அதே சங்கம் கணக்குக் காட்டுகிறது. மருத்துவமனைகளுக்கான கொடுப்பனவு செலவு உயர்வையொட்டி ஆண்டுதோறும் திருத்தப்பட, தனி வைத்தியரின் கொடுப்பனவுக்கு அப்படியொரு தானியங்கித் திருத்தம் இல்லை. 2025 ஜனவரியில் 2.83 சதவீத வெட்டு விழுந்தது. நெடுநாள் முறையீட்டுக்குப் பின் அவ்வாண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டத்தில் 2026 க்கு மட்டும் 2.5 சதவீத உயர்வு கிடைத்தது. அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.

அவர்கள் கேட்பவற்றில் இன்னொன்று எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. ஒரே பரிசோதனையை ஒரு வைத்தியர் தமது சொந்த இடத்தில் செய்தால் ஒரு கட்டணம். அதே இடத்தை மருத்துவமனை வாங்கித் தன் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டால் கூடுதல் கட்டணம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. சிறிய இடங்களை மருத்துவமனைகள் வாங்கிக் குவிப்பதற்கு அந்த வித்தியாசமே தூண்டுதலாயிற்று. 2015 ஆம் ஆண்டின் வரவுசெலவுச் சட்டமொன்று, மருத்துவமனைகள் தமது வளாகத்துக்கு வெளியே புதிதாகச் சேர்க்கும் இடங்களுக்கு அந்தக் கூடுதல் தொகையை நிறுத்தியது. முன்பே இருந்தவற்றை அப்படியே விட்டுவிட்டது. ஆகவே சண்டை இன்னும் ஓயவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் வைத்தியர்கள் 2021 இல் வேறொரு வெற்றி பெற்றார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் காப்புறுதி நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் முறையிலிருந்து, தொடர்ந்து சரியாக விண்ணப்பித்து அனுமதி பெற்றுவந்த வைத்தியர்களுக்கு விலக்கு அளிக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. நோயாளியின் நேரத்தை மீட்டுக் கொடுத்த சட்டம் அது. வைத்தியர்கள் முறையிடப் போவதன் மிக நல்ல பயனாக நான் இதையே கருதுகிறேன்.

ஆனால் அந்த வரலாற்றில் நாம் ஒருபோதும் பின்பற்றக் கூடாத பக்கமும் உண்டு. 1940 களின் பிற்பகுதியில் ஜனாதிபதி ட்ரூமன் எல்லா மக்களுக்குமான அரச மருத்துவக் காப்புறுதியைக் கொண்டுவர முயன்றபோது, வைத்தியரின் சுயாதீனம் பறிபோகிறது என்று சொல்லி அமெரிக்க மருத்துவச் சங்கம் பெரும் பணம் செலவிட்டு அதை எதிர்த்தது. 1965 இல் மெடிகேர் வந்தபோதும் அதே எதிர்ப்பு இருந்தது. இன்று அதே மெடிகேரின் கொடுப்பனவை உயர்த்தித் தாருங்கள் என்று அதே சங்கம் வாதாடுகிறது. ஏழை நோயாளியின் கதவை அடைப்பதற்குச் சுயாதீனம் ஒரு காரணமாகக் காட்டப்படும் இடத்தில் எந்த நல்ல வைத்தியரும் நிற்கக் கூடாது. எங்கள் நாட்டில் அரச மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. வன்னியில் பிறந்த எவருக்கும் அதன் அருமை தெரியும். நாங்கள் கேட்கப் போகும் எதுவும் அந்த இலவச மருத்துவத்தின் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்குப் பிரித்தானியா சான்று. 1948 ஜூலையில் அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது மருத்துவமனைகள் அரசின் கைக்குப் போயின. குடும்ப வைத்தியர்கள் அரச ஊழியராகவில்லை. தமது இடத்தைத் தாமே நடத்தியபடி, தமது பட்டியலில் பதிவுசெய்த ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று அரசிடம் கட்டணம் பெறும் ஒப்பந்தக்காரராக அவர்கள் தொடர்ந்தார்கள். நோயாளி வைத்தியரிடம் காசு கொடுப்பதில்லை. அந்த ஏற்பாட்டுக்கும் இன்று பல நெருக்கடிகள் உண்டு. என்றாலும் சுயாதீன வைத்தியரும் இலவச மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்களுக்கு அது போதுமான மறுமொழி.

வன்னிக்கு வருகிறேன். எங்கள் நிலைமை அமெரிக்காவினுடையதைப் போன்றதல்ல. இங்கே தனி வைத்தியரை விழுங்க வரும் பெரிய நிறுவனம் எதுவும் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இல்லை. அவர்களுக்கு இலாபம் தரும் சனத்தொகையும் இங்கே இல்லை. எங்கள் சிக்கல் வேறு விதமானது. அரச சேவையிலுள்ள வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பிறகு தனியாக நோயாளர் பார்க்க இந்நாட்டில் அனுமதி உண்டு. மாலையானதும் அவர்கள் சந்திகளிலுள்ள ஃபார்மசிகளின் பின்னறைகளில் அமர்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ நிபுணர்கள் வந்து சனல் பார்க்கிறார்கள், அதாவது முன்பதிவு செய்தவர்களைக் கட்டணத்துக்குப் பார்க்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இரவு நேரக் காய்ச்சலுக்கு ஆளில்லை. ஆனால் இடமாற்றம் வந்ததும் அவர்கள் போய்விடுவார்கள், போக வேண்டியவர்கள். கஷ்டப் பிரதேசம் என்று அரசு வகைப்படுத்திய இடத்தில் பணியாற்ற வேண்டிய காலம் முடிந்ததும் ஊர் திரும்புவது அவர்களது உரிமை. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு நாட்டை விட்டே போனவர்களும் பலர். அதனால் ஒரு நோயாளி சில ஆண்டுகளுக்குள் பல வைத்தியர்களிடம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கதை வன்னியில் எளிய கதையாக இருப்பதில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளத்து முகாம்களில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் கையில் மருத்துவக் குறிப்பு என்று ஒரு கடதாசி இருக்கவில்லை. என்ன சத்திரசிகிச்சை நடந்தது, யார் செய்தார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அவர்களது நினைவில் மட்டுமே இருந்தது. பலரின் உடலில் இன்றைக்கும் எறிகணைச் சிதறல்கள் இருக்கின்றன. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லித் துண்டு எழுதும் புதிய வைத்தியருக்கு, அந்த மனிதரின் உடலுக்குள் உலோகம் இருப்பதை யார் சொல்வது? காந்தப்புலத்தில் அந்த உலோகத் துண்டு நகர்ந்தால் கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ ஆபத்து. ஒரு காலை இழந்தவருக்குச் சீனி வருத்தமும் இருந்தால், எஞ்சிய காலின் பாதத்தை மாதந்தோறும் குனிந்து பார்க்க ஒருவர் வேண்டும். அந்தக் காலில் ஒரு சிறு புண் வந்தாலும் அவர் வேலையிழந்து வீட்டோடு கிடக்க நேரிடும். இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர் ஊரில் தொடர்ந்து இருக்கும் வைத்தியர் ஒருவரே.

வயல்காரரின் வருத்தங்களும் அப்படித்தான். காலபோக வேலை நடக்கும் மாதங்களில் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலை அன்றைக்கே நினைக்க வேண்டும். இடுப்பு நோவுக்கென்று ஃபார்மசியில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்காக விழுங்குபவரின் சிறுநீரகம் என்ன நிலையில் இருக்கிறது என்று இடைக்கிடை இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். வவுனியாவின் செட்டிகுளப் பக்கம் உட்படக் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் பிரதேசம் இது. தூரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பாண்டியன்குளத்திலோ முழங்காவிலிலோ இருக்கும் ஒரு கூலித் தொழிலாளி கிளினிக் நாளுக்குப் போவதென்றால் விடிய முன் புறப்பட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்து, வரிசையில் நின்று, மத்தியானம் தாண்டித் திரும்ப வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அவர் மூன்றாவது தடவை கிளினிக்கைத் தவறவிட்டார் என்றால் அது அவரது அசட்டை ஆகாது.

எங்கள் குளங்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். மேலே உள்ள சிறு குளங்கள் தூர்ந்து போனால் வெள்ளமும் மண்ணும் நேரே பெரிய குளத்துக்கே வந்து சேரும். ஊர் வைத்தியர் இல்லாமல் போனால் நோயாளரும் அப்படித்தான் நேரே பெரிய வைத்தியசாலைக்கு வந்து சேர்வார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சில காலத்துக்கு முன் இதைப் பற்றி மக்கள் பிரதிநிதி ஒருவரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தது. மரியாதையாக உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "டொக்டர், நீங்கள் தனியார்தானே, உங்களுக்கு எதற்கு அரசாங்கம் உதவ வேணும்? சனத்திடம் காசு வாங்கித்தானே மருந்து குடுக்கிறியள்?" என்றார். அவருடைய கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் அவரிடம் சொன்ன மறுமொழியை இங்கே விரிவாக எழுதுகிறேன். முறையிடப் போகும் ஒவ்வொரு வைத்தியரும் முதலில் இந்தக் கேள்விக்கே மறுமொழி சொல்ல வேண்டியிருக்கும்.

1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல் போன்ற அறிவிக்க வேண்டிய நோயை ஐயுற்ற உடனேயே சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை தனியார் வைத்தியருக்கும் உண்டு. அதற்கான படிவத்தை நிரப்பி அனுப்புவதற்கு எங்களுக்கு எவரும் காசு தருவதில்லை, தரவும் வேண்டாம். காசநோய் என்று சந்தேகித்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். கர்ப்பிணி ஒருவர் வயிற்று நோவென்று வந்தால் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லி அனுப்புகிறோம். கடமையைச் சுமத்தும்போது எங்களைப் பொதுச் சுகாதாரத்தின் உறுப்பாகக் கொள்ளும் அரசு, திட்டமிடும்போதும் நிதி ஒதுக்கும்போதும் மட்டும் எங்களைக் கடைக்காரராகக் கொள்வது பொருந்தாது. நாட்டின் வெளிநோயாளர் சிகிச்சையில் ஏறத்தாழப் பாதி தனியார் இடங்களிலேயே நடக்கிறது என்று மதிப்பிடப்படுகிறது. அந்தப் பாதியைக் கணக்கில் எடுக்காமல் ஆரம்ப மருத்துவத்தைத் திட்டமிட முடியாது.

சட்டம் எங்களை இப்போது எப்படிப் பார்க்கிறது? 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவுசெய்தல்) சட்டத்தின் கீழ்த் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப் பேரவை அமைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான கட்டில்கள் கொண்ட கொழும்பு மருத்துவமனையும் ஒற்றை அறையில் நடக்கும் முல்லைத்தீவு டிஸ்பென்சரியும் இந்த ஒரே சட்டத்தின் கீழ், மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாக, ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முழுநேர வைத்தியருக்கும் பகுதிநேர வைத்தியருக்கும் தனித்தனி வகை சட்டத்தின் நடைமுறையில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வேறுபாட்டுக்குக் கட்டணத்தைத் தவிர வேறு பொருள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பொருள் கொடுக்கச் சொல்வதே எங்கள் முதற்கோரிக்கையாக இருக்க வேண்டும். முழுநேரமாக, கஷ்டப் பிரதேசத்தில், தனியொரு வைத்தியர் நடத்தும் இடத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவு, மாவட்டத்துக்குள்ளேயே பரிசோதனை, படிவமும் சுற்றறிக்கையும் தமிழில். ஒழுங்குவிதிகளைத் தளர்த்தச் சொல்லி நாங்கள் கேட்கக் கூடாது. தகுதியில்லாமல் ஊசி போடுகிறவர்களின் இடங்களை மூடும் அதிகாரம் இன்னும் உறுதியாகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்று நாங்களே கேட்க வேண்டும். ஆய்வுகூடங்களிடமும் மருந்து நிறுவனங்களிடமும் தரகுப் பணம் பெறுவதைத் தடுக்கும் விதியையும் நாங்களே முன்மொழிய வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தலைக்கட்டணம். 2018 இல் அரசாங்கம் அனைவருக்குமான சுகாதாரத்தை நோக்கிய சேவை வழங்கல் கொள்கையொன்றை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அருகிலேயே ஓர் ஆரம்ப மருத்துவ இடம், அதற்குப் பின்னால் உதவியாக ஒரு பெரிய வைத்தியசாலை என்பது அதன் அடிப்படை எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் அரசின் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளுக்கு வைத்தியரை அனுப்புவதும் தக்கவைப்பதும் வன்னியில் எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். அரச வைத்தியசாலை எட்டாத தூரத்தில் இருக்கும் கிராமங்களில், ஏற்கெனவே அங்கே நிலைகொண்டிருக்கும் முழுநேர வைத்தியரிடம் பிரஷர், சீனி, ஆஸ்துமா, வலிப்பு ஆகிய நெடுநாள் நோயுள்ளவர்களைப் பதிவு செய்யட்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று மாகாண சுகாதாரத் திணைக்களம் வைத்தியருக்குக் கொடுக்கட்டும். அந்த நோயாளியிடம் அந்த நோய்க்காக ஒரு சதமும் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். மருந்தை அரசே கொடுக்கலாம். கணக்கைப் பரிசோதிக்கட்டும். மாந்தை கிழக்கு, துணுக்காய் போன்ற ஓரிரு பிரதேச செயலகப் பிரிவுகளில் மட்டும் இதைச் செய்து பார்க்கலாம். அமெரிக்க வைத்தியர்களின் அனுபவத்திலிருந்து ஒரு விதியைச் சேர்க்க வேண்டும்: அந்தத் தொகை பணவீக்கத்தோடு தானாக உயர வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் யாசகம் கேட்கும் நிலை வரும், ஒப்பந்தமும் சில ஆண்டுகளில் தேய்ந்து மறையும்.

தகவல் பரிமாற்றத்தை அடுத்ததாகச் சொல்வேன். நான் ஒரு நோயாளியை மாவட்ட வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினால், அங்கே என்ன நடந்தது என்ற மறுமொழி எனக்குப் பெரும்பாலும் வருவதில்லை. நோயாளி கொண்டுவரும் கிளினிக் கொப்பியைப் புரட்டித்தான் அறிய வேண்டும். கொப்பி மழையில் நனைந்திருந்தால் அதுவும் இல்லை. அரச வைத்தியசாலைகள் தனிநபர் சுகாதார இலக்கத்தின் அடிப்படையில் கணினிப் பதிவுக்கு மாறிவரும் இந்நேரத்தில், நோயாளியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற குடும்ப வைத்தியரும் அதைப் பார்க்கவும் எழுதவும் வழி செய்ய வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. எறிகணைச் சிதறல் உள்ளவரின் பெயருக்கு எதிரே அந்த ஒரு வரி இருந்தால் போதும்.

காணியைப் பற்றி வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாது. வன்னியின் குடியிருப்பு நிலங்களில் பெரும் பகுதி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அதை, முழு உரிமைப் பத்திரமான உறுதி உள்ள காணிபோல் விருப்பப்படி ஈடு வைக்க முடியாது. ஓர் இளம் வைத்தியர் தகப்பனின் காணியில் சிறு கட்டடம் கட்டி, ஈ.சி.ஜி. கருவியும் இரத்தப் பரிசோதனைக் கருவியும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்க நினைத்தால், வங்கி முதலில் கேட்பது உறுதியைத்தான். யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது முதல் அங்கே படித்து வெளியேறிய வன்னிப் பிள்ளைகள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து சொந்த ஊரில் தனியே தொழில் தொடங்குவார்கள் என்பது பிணை கேட்காத ஒரு கடன் திட்டம் இருக்கிறதா இல்லையா என்பதிலும் தங்கியிருக்கிறது. அரச வங்கிகள் ஊடாக, பத்து ஆண்டுகள் அந்தப் பிரதேசத்தில் முழுநேரமாக இருப்பேன் என்ற உடன்படிக்கையையே பிணையாகக் கொண்டு கடன் கொடுக்கச் சட்டம் இயற்றுவோர் வழி செய்யலாம். இடையில் விட்டுப் போனால் முழு வட்டியோடு திருப்பிக் கட்டட்டும்.

மருந்து விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம், பொதுப்பெயரில் மொத்தமாக மருந்து வாங்கி மலிவாகக் கொடுக்கலாம் என்று உலகுக்கே காட்டியது. அந்த விலை, சிறு அளவில் வாங்கும் கஷ்டப் பிரதேச வைத்தியருக்கும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். 2022 இல் ரூபாய் வீழ்ந்து மருந்து விலை ஏறியபோது, மாதம் முழுவதற்கும் எழுதிய மாத்திரையை ஒரு கிழமைக்கு மட்டும் தாருங்கள் ஐயா என்று கேட்ட தாய்மாரை நான் மறக்கவில்லை. பாவித்த ஊசிகளை அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் எரியூட்டியில் சிறு கட்டணத்துக்குக் கொடுக்க அனுமதிப்பதும், வைத்தியர் நோயுற்றால் பதிலாள் ஒருவரை ஒழுங்கு செய்ய மாகாணத் திணைக்களம் உதவுவதும் சிறிய வேண்டுகோள்கள். ஆனால் இவை இல்லாமல் தனியொருவரால் நீண்ட காலம் தாக்குப்பிடிக்க முடியாது.

எந்த வாசலுக்குப் போவது என்பதும் எங்களுக்குச் சிக்கலான விடயம். எங்கள் நாட்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளும் தவிர்ந்த பொது வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் மாகாண சபையின் பட்டியலில் உள்ளவை. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பின் மாகாணத்துக்கான சட்டமாகிய நியதிச் சட்டம் இயற்றக்கூடிய பிரதிநிதிகள் எவரும் இல்லாமல் ஆளுநரின் நிர்வாகமே நடந்து வருகிறது. அந்தச் சபை இருந்திருந்தால் தலைக்கட்டணத்துக்கான நியதிச் சட்டமொன்றை அங்கேயே கேட்டிருக்கலாம். மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள் என்பதும் ஒரு சுகாதாரக் கோரிக்கைதான் என்று நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். இப்போதைக்கு 225 பேர் கொண்ட பாராளுமன்றமே மிஞ்சியிருக்கிறது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்த்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு அதில் 6 ஆசனங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே இந்தக் கோரிக்கைகளை எழுதிய எங்கள் மகஜர் இரு தேர்தல் மாவட்டங்களின் உறுப்பினர்களுக்கும், ஆளும் கட்சி எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி, ஒரே நாளில் ஒரே வாசகத்தில் போக வேண்டும். ஒரு கட்சிக்கு மட்டும் கொடுத்தால் மற்றக் கட்சி அதைத் தொடாது.

உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுச் செய்யவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டச் செயலகமாகிய கச்சேரியில் கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் சுகாதாரம் ஒரு விடயமாக வரும்; அங்கே பெரும்பாலும் கட்டடமும் ஆளணி வெற்றிடமுமே பேசப்படும். பதிவேடுகளில் உள்ளவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே கேட்டுப் பெற்றுக்கொண்டு போனால் பேச்சுக்கு வலு இருக்கும்: எத்தனை ஆரம்பப் பிரிவுகளில் நிரந்தர வைத்தியர் இல்லை, எத்தனை நோயாளர் கிளினிக்கை விட்டு நின்றுவிட்டனர், இவ்வாறு.

பெரிய சங்கங்கள் எங்களுக்காகப் பேசுவார்களா என்றால், அரச வைத்தியர்களின் சங்கம் தன் உறுப்பினர்களின் சம்பளத்தையும் இடமாற்றத்தையும் பார்க்கிறது. அது அதன் வேலை. பொது மருத்துவர்களின் கல்லூரி 1974 முதல் குடும்ப மருத்துவத்துக்காக நல்ல கல்விப்பணி செய்து வருகிறது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு முன்னூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு கூட்டத்துக்குப் போவதென்றால் டிஸ்பென்சரியை இரண்டு நாள் பூட்ட வேண்டும். ஆகவே வன்னிக்காரர் தாமே தொடங்க வேண்டும்.

பணம் பற்றி ஒரு சொல். அமெரிக்க மருத்துவச் சங்கம் சட்டம் இயற்றுவோரிடம் முறையிடும் வேலைக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி டொலருக்கு மேல் செலவிடுகிறது. 1995 ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி அந்தக் கணக்கை அங்கே வெளியிட வேண்டும். யார் யாருக்காக எந்த மசோதாவைப் பற்றிப் பேசினார் என்பதை எவரும் பார்க்கலாம். எங்களிடம் கொடுக்கப் பணம் இல்லை. இருந்தாலும் கொடுக்கக் கூடாது. தேர்தல் செலவுக்கு உதவுவதும், உறுப்பினரின் உறவினரை வரிசைக்கு முன்னால் பார்ப்பதும், பதிலுக்குத் தனிப்பட்ட சலுகை எதிர்பார்ப்பதும் இந்த முயற்சியைத் தொடக்கத்திலேயே கெடுத்துவிடும். யாரைச் சந்தித்தோம், என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்பதை டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டி வைப்போம். நோயாளர்கள் வாசிக்கட்டும்.

மகஜரின் முதல் வரைவை இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் தமிழில் எழுதியிருக்கிறோம். சிங்களப் பிரதியும் தயாராகிறது. வைத்தியர்களின் கையொப்பத்துக்கு முன்னால் கமக்கார அமைப்புகளினதும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களினதும் மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களினதும் கையொப்பம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தி வருகிறேன். அவர்கள் கையொப்பமிட மறுக்கும் கோரிக்கை எதுவானாலும் அதை எடுத்துவிடுவோம். ஒவ்வோர் உறுப்பினரிடமும் ஆம், இல்லை என்ற மறுமொழியை எழுத்தில் கேட்போம். மாந்தை கிழக்கிலும் துணுக்காயிலும் முன்னோடித் திட்டத்துக்கு ஆதரவா என்பது அதில் முதற்கேள்வி. இந்த வேலையில் சேர விரும்பும் முழுநேர வைத்தியர்கள் தமது பிரதேசத்தில் அரச வைத்தியர் இல்லாத ஆரம்பப் பிரிவுகளின் பெயர்களையும், அங்கிருந்து அடுத்த வைத்தியசாலைக்குப் பஸ் போகும் நேரங்களையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். வரைவின் இரண்டாம் பக்கத்தில் அந்த அட்டவணைக்கு இடம் விட்டிருக்கிறோம்.